பள்ளி விளையாட்டுப் புகழரங்கம்: மரப்பலகையா, கல்வெட்டா, தகடுகளா, தொடுதிரையா?

பள்ளிக்குப் பொன்விழாவோ நூற்றாண்டோ நெருங்கினால் முன்னாள் மாணவர் சங்கத்தில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்: "நம்ம பள்ளியிலிருந்து ஸ்டேட், நேஷனல் போனவங்க பேரையெல்லாம் ஒரு இடத்துல எழுதி வைக்கணும்." ஒருவர் கிரானைட் கல்வெட்டுக்குப் பணம் தருகிறேன் என்பார். வெளிநாட்டில் இருப்பவர் தொடுதிரை வாங்கித் தருகிறேன் என்பார். தலைமையாசிரியரோ தன் அறை வாசலில் தொங்கும் பழைய மரப்பலகையிலேயே இன்னும் நாலு வரி எழுதலாமே என்பார். மூவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்றும் பத்து ஆண்டுகளில் மூன்று வேறு வேறு இடங்களில் கொண்டுபோய் விடும்.

எந்த வடிவத்தை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் முடியுமா? ஒரு பெயரில் பிழை இருந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்த முடியுமா? திறப்பு விழா முடிந்த பிறகு வரும் செலவை யார் பார்ப்பார்கள்? விலையும் அழகும் இவற்றுக்குப் பின்னால்தான்.

சாதித்தவர்களின் பெயரை ஓரிடத்தில் போற்றி வைக்கும் இந்தப் புகழரங்க ('ஹால் ஆஃப் ஃபேம்') வழக்கம் வேரூன்றியது அமெரிக்காவில். அங்கே ஏராளமான உயர்நிலைப் பள்ளிகளில் உள்விளையாட்டரங்கத்தின் முகப்பில் ஒரு புகழ்ச்சுவர் இருக்கும். தேசிய அளவில் பள்ளி விளையாட்டுக்கென்றே ஒரு புகழரங்கம் 1982-இல் தொடங்கப்பட்டது. வீரர்களோடு பயிற்சியாளர்களும் நடுவர்களும் நிர்வாகிகளும் அதில் இடம்பெறுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னோடி, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1900-இல் நிறுவப்பட்ட 'மாபெரும் அமெரிக்கர்கள் புகழரங்கம்'. விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் புகழரங்கம் அமைக்க நினைப்பவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 102 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், 98 பேருக்குத்தான் சிலை வைக்க முடிந்தது. 1976-க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. தேர்ந்தெடுத்து அறிவித்துவிட்டு, சிலை செய்யப் பணமில்லாமல் சிலரை விட்டுவிட்டார்கள். கட்டுவதற்கு மட்டும் பணம் திரட்டி, தொடர்ந்து நடத்துவதற்கு எதுவும் ஒதுக்காத எந்த அரங்கத்துக்கும் இது நேரலாம்.

மரப்பலகை

பழைய பள்ளிகளுக்கு நன்றாகப் பழகிய வடிவம் இது. 19 மில்லிமீட்டர் நீர்புகா பிளைவுட், சுற்றிலும் தேக்குச் சட்டம், கருநீலமோ கரும்பச்சையோ பூசிய பின்னணி, அதன்மேல் சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதிய எழுத்து. செலவும் குறைவு, பார்க்கவும் கம்பீரம்.

இடக் கணக்கில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 6 அடி உயரம், 4 அடி அகலப் பலகையை எடுத்துக்கொள்வோம். உயரம் 72 அங்குலம். தலைப்புக்கும் மேல் ஓரத்துக்கும் 10, கீழே 4 போனால் மிச்சம் 58. ஒரு அங்குல எழுத்தானாலும் தமிழுக்கு வரி இடைவெளி 2 அங்குலம் விட்டாக வேண்டும். மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி போதாது. ஆக 29 வரிகள். இரண்டு பத்தியாகப் பிரித்தால் 58 பெயர் கிடைக்கும். ஆனால் 22 அங்குல அகலத்துக்குள் ஆண்டும் பெயரும் மட்டுமே அடங்கும். "நீளம் தாண்டுதல், மாநிலம், இரண்டாம் இடம்" என்று சேர்த்து எழுத நினைத்தால் ஒரே பத்திதான், 29 பேர்தான். எதில் சாதித்தார் என்று சொல்லாமல் பெயரை மட்டும் எழுதுவதால் ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை.

அடுத்தது வண்ணம். கடையில் கிடைக்கும் தங்க நிறப் பெயிண்டில் பெரும்பாலும் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு அது பழுப்பாகிவிடும். கரும் பின்னணியில் கிரீம் நிற எனாமல் நீண்ட நாள் தெளிவாக நிற்கும். வினைல் ஸ்டிக்கர் எழுத்து முதல் நாள் பளிச்சென்று இருந்தாலும் வெயில் பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும், பிள்ளைகளின் விரல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் சுவரின் ஓதம் நேராகப் பலகைக்குள் இறங்கும், கரையானும் அந்த வழியாகத்தான் வரும்.

கையெழுத்து ஆர்ட்டிஸ்ட்டுகள் குறைந்துகொண்டே வருவதும் இதிலுள்ள சிக்கல். இன்று எழுதியவரே அடுத்த ஆண்டும் வருவார் என்று நம்ப முடியாது. ஒரே பலகையில் மூன்று கையெழுத்து தெரிந்தால் பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும். அதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம்.

கல்வெட்டு

நிலைத்து நிற்பதில் கருப்பு கிரானைட்டுக்கு ஈடில்லை. எதையும் அதில் மாற்ற முடியாது என்பதே இங்கே அதன் குறை. கணினியில் வெட்டிய ஸ்டென்சிலை ஒட்டி, மணலை வேகமாகப் பீய்ச்சி எழுத்தைக் குடைகிறார்கள். "செல்வக்குமார்" என்பதில் 'க்' விட்டுப்போனால் அந்த இடத்தை எப்பாக்ஸி பசை வைத்து அடைத்து மறுபடி குடைய வேண்டும், அடைத்த இடம் எப்போதும் தெரியும். கீழே காலி இடம் விட்டு ஆண்டுதோறும் சேர்க்கலாம் என்பார்கள். ஆனால் சுவரில் பதித்த பிறகு கல்லில் குடையும் எழுத்து, பட்டறையில் குடைந்த எழுத்தோடு ஒருபோதும் ஒத்துவராது.

எடையையும் கவனிக்க வேண்டும். 4 அடிக்கு 3 அடி, 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஏறத்தாழ 60 கிலோ இருக்கும். பழைய கட்டடத்தின் சுண்ணாம்புப் பூச்சுமேல் வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால், பூச்சோடு சேர்ந்து கீழே வரும். பூச்சைக் கொத்தி, செங்கல்லுக்குள் துருப்பிடிக்காத எஃகு ஆணியோ கிளாம்போ போட்டுத்தான் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் நடக்கும் இடத்தில் இதில் சமரசம் கூடாது.

கல்தான் வேண்டும் என்று சங்கம் உறுதியாக இருந்தால், ஒரே பெரிய பலகைக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு பட்டையாக வைக்கலாம். 2 அடி நீளம், 6 அங்குல உயரம். ஒன்று 5 கிலோதான். பிழை வந்தால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தனித்தனித் தகடுகள்

பெரும்பாலான பள்ளிகளுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ஒருவருக்கு ஒரு தகடு, 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம். 5 மில்லிமீட்டர் அக்ரிலிக்கின் பின்பக்கம் புற ஊதா ஒளியில் உலரும் மை அச்சு, நாலு மூலையிலும் எஃகு ஸ்டட் (தகட்டைச் சுவரில் நிறுத்தும் திருகு). படம், பெயர், படித்த ஆண்டுகள், விளையாட்டு, மூன்று வரிச் சாதனை. 12 அடிச் சுவரில், தகடுக்கு இடையே 2 அங்குலம் விட்டால், வரிசைக்கு 14 தகடு வரும். தரையிலிருந்து 3 அடியில் தொடங்கி 7 அடியில் முடியும்படி நாலு வரிசை வைத்தால் 56 தகடுகள். ஆண்டுக்கு நாலு பேர் என்றால் 14 ஆண்டுகளுக்கு இடமிருக்கிறது. ஆறாம் வகுப்புக் குழந்தையின் கண்மட்டம் 4 அடிக்குப் பக்கம்தான் இருக்கும் என்பதால், மிகச் சிறந்தவர்களை மேல் வரிசையில் வைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

ஸ்டட்டுக்கான துளையை ஸ்டட்டின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். வெயிலில் அக்ரிலிக் விரியும். இறுக்கமான துளையிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. மேற்குப் பார்த்த வராண்டாச் சுவரும், கைப்பந்து மைதானத்தை ஒட்டிய சுவரும் இதற்கு ஏற்றவையல்ல.

தகட்டில் உண்மையான சிரமம் படம்தான். 1970-களில் மாநிலப் போட்டிக்குப் போனவருக்குத் தனிப்படம் இருக்காது, பள்ளிக் குழுப்படம் ஒன்றுதான் இருக்கும். அந்தப் படத்தில் அவர் முகம் 6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தாலும் முகத்துக்கு 280 பிக்சல்தான் தேறும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அதாவது அந்த முகத்தை ஒரு அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கினால் வெறும் சாம்பல் கறைதான் மிஞ்சும். இதைச் சரிசெய்கிறேன் என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தால் தெளிவான முகம் வரும். அந்தத் தெளிவு செயலி தானாக இட்டுக்கட்டியது, முகம் அவருடையதாக இருக்காது. அவர் பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கும் சுவரில் அதைச் செய்யக் கூடாது. குழுப்படத்தை முழுதாக அச்சிட்டு, அவரைச் சுற்றி மெல்லிய வட்டமிட்டு, "நிற்போர் வரிசையில் இடமிருந்து மூன்றாவது" என்று எழுதுவதே மரியாதை. புதிய படங்களை வாட்ஸ்ஆப்பில் வாங்குவதானால் படமாக அனுப்பச் சொல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வந்தால் சுருங்கித்தான் வரும்.

தொடுதிரை

வாங்கும் நாளில் இது எல்லோரையும் கவர்ந்துவிடும். ஆயிரம் படம், பழைய விளையாட்டு விழா வீடியோ எல்லாம் அடங்கும். வாங்கிய பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். ஏப்ரல், மே விடுமுறையில் அதை எங்கே பூட்டி வைப்பது? மின்தடைக்கு யூபிஎஸ் பேட்டரியை யார் மாற்றுவது? மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா இருந்தால் மூன்றாம் ஆண்டு யார் கட்டுவது? உள்ளடக்கத்தைச் சேர்க்கத் தெரிந்த ஒரே ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டால்? வீட்டு டிவியை வைத்துச் செய்த மலிவு ஏற்பாடு நாள் முழுவதும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, பலவற்றின் உத்தரவாதமும் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான்.

நூற்றுக்கணக்கான பெயர்கள், நிரந்தரக் கணினி உதவியாளர், காவலுள்ள முகப்பு அறை, இந்த மூன்றும் இருக்கும் பெரிய பள்ளிக்குத் தொடுதிரை பொருந்தும். அங்கேயும் தகவல் முழுவதும் சாதாரண விரிதாளாகவும் படக் கோப்புகளாகவும் பள்ளியின் கையில் தனியே இருக்க வேண்டும். நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் கிடந்தால், சந்தா நின்ற அன்று பள்ளியின் வரலாறும் கூடவே போய்விடும். தகட்டில் கியூஆர் குறியீடு போடலாமே என்ற யோசனை பார்வையாளர்களுக்கு உதவும். கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லாத மாணவர்களுக்கு அதனால் பயனில்லை. அவர்களுக்காகத்தானே இந்தச் சுவர்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பதிவேடு

எந்த வடிவமானாலும் அதன் அடியில் ஒரு கெட்டி அட்டைப் பதிவேடு இருக்க வேண்டும். சுவர் இல்லாமல் பதிவேடு மட்டும் இருந்தால் ஒருநாள் சுவரை எழுப்பிக்கொள்ளலாம். பதிவேடு இல்லாத சுவரில் சந்தேகம் வந்தால் தீர்க்க வழியில்லை. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு சான்று கேளுங்கள். இந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்குச் சேர்க்கை நீக்கப் பதிவேட்டின் எண். சாதனைக்குச் சான்றிதழ் நகல், பள்ளி ஆண்டு மலர், அல்லது நாளேட்டுச் செய்தி. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டியில் ஆடியவர்களிடம், வேலைவாய்ப்பு விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக வாங்கிய 'படிவம் 4' இருக்க வாய்ப்புண்டு. அது நல்ல சான்று.

மட்டத்தைத் தெளிவாக எழுத வேண்டும். குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம், தேசியம் என்ற படிகளில் பேச்சுவழக்கில் எல்லாம் கலந்துவிடும். "ஸ்டேட் பிளேயர்" என்று ஊரே சொல்பவர் மண்டலப் போட்டியில் வென்று மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றவராக இருக்கலாம். தகுதி பெற்றதும் பெருமைதான், அதை அப்படியே எழுதினால் போதும். குடியரசு தின விளையாட்டா, பாரதியார் தின விளையாட்டா, விளையாட்டுச் சங்கம் நடத்திய திறந்த போட்டியா என்பதையும் குறியுங்கள். ஓட்ட நேரங்களில், கையால் எடுத்ததா மின்னணுவால் எடுத்ததா என்பது முக்கியம். 100 மீட்டரில் கை நேரத்தோடு 0.24 விநாடி சேர்த்துத்தான் ஒப்பிடுவது வழக்கம். பழைய காலத்து 100 கெஜ ஓட்டத்தை 100 மீட்டர் என்று மாற்றி எழுதினால் பள்ளிச் சாதனைப் பட்டியலே பொய்யாகிவிடும்.

பெயருக்கு வருவோம். பழைய சான்றிதழ்கள் பலவும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் 'எஸ். முருகன்' என்று இருந்தால், தமிழில் அவர் ச. முருகனா, சு. முருகனா, செ. முருகனா, சி. முருகனா? தந்தை பெயர் தெரியாமல் இதற்கு விடை கிடையாது. ஊகித்து எழுதிய முதலெழுத்துதான் புகழ்ச்சுவர்களில் அதிகம் வரும் பிழை. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களுக்கு, போட்டியில் ஆடிய பெயரைத் தகட்டிலும் இப்போதைய பெயரைப் பதிவேட்டிலும் எழுதலாம், அவர் சம்மதித்தால். பழைய ஆவணங்களில் பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டியிருந்தால் தகட்டுக்கு அது வேண்டாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். ஒருவருக்கு விட்டு ஒருவருக்கு நீக்கினால் சண்டை வரும்.

யாரைச் சேர்ப்பது: மூன்று வழிகள்

முதல் வழி புள்ளிக் கணக்கு. சர்வதேசத்துக்கு இத்தனை, தேசியப் பதக்கத்துக்கு இத்தனை, குறிப்பிட்ட புள்ளி வந்தால் தானாகச் சேர்க்கை. சிபாரிசுக்கு இடமில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் மாநிலப் போட்டிக்கே நாலைந்து அணி மட்டும் வரும் விளையாட்டில் வாங்கிய பதக்கமும், தகுதிச் சுற்றிலேயே முப்பது பேர் ஓடும் 400 மீட்டரில் வாங்கிய நாலாம் இடமும் ஒன்றல்ல. புள்ளிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, குழு முடிவு. ஏழு பேர் போதும். தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், வெவ்வேறு பத்தாண்டுகளில் படித்த முன்னாள் மாணவர் மூவர், பள்ளிக்கு வெளியிலிருந்து விளையாட்டு அறிந்த இருவர். ஏழில் இருவராவது பெண்கள். ஏழில் ஐந்து வாக்கு வேண்டும், மறைமுக வாக்கு. பணம் கொடுத்தவர் குழுவில் இருக்கக் கூடாது. தன் குடும்பத்தினர் பெயர் வரும்போது உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும்.

மூன்றாவது, வாட்ஸ்ஆப் வாக்கெடுப்பு. இதைத் தேர்வுக்குப் பயன்படுத்தவே கூடாது. 2010-க்குப் பின் படித்தவர்கள் குழுவில் நானூறு பேர் இருப்பார்கள், 1965-இல் படித்தவர்கள் ஆறு பேர் இருப்பார்கள். முடிவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பரிந்துரை பெறுவதற்கு மட்டும் அந்த வாட்ஸ்ஆப் குழுவைப் பயன்படுத்துங்கள். புள்ளியைத் தகுதிக்கான வாசற்படியாக வைத்து, படி தாண்டியவர்களில் யாரை இந்த ஆண்டு என்பதைக் குழு முடிவு செய்வதே ஓடக்கூடிய ஏற்பாடு.

பள்ளியை விட்டு ஐந்து ஆண்டு கழிந்த பிறகே ஒருவரைப் பரிசீலிக்க வேண்டும். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்கத்தில் ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு, 75 சதவீத வாக்கு என்பது விதி. விமான விபத்தில் இறந்த வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேக்காக 1973-இல் அந்தக் காத்திருப்பை நீக்கினார்கள். இறந்தவருக்கு விலக்கு உண்டு என்று நம் விதியிலும் ஒரு வரி இருக்கட்டும். அதே கூப்பர்ஸ்டவுன் 1936-இல் ஐந்தே பேரோடு தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஐம்பது பேரைச் சேர்க்கும் ஆசை எல்லாப் பள்ளிக்கும் வரும். சான்று சரிபார்க்க ஆளிருக்காது, மேடையில் ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம்கூடக் கிடைக்காது. முதல் ஆண்டு ஐந்து, பிறகு ஆண்டுக்கு நாலு என்று வைத்துக்கொண்டு, எழுபது வயது தாண்டியவர்களை முதலில் எடுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

பள்ளிக் காலச் சாதனைக்கா, பின்னாளைய சாதனைக்கா? அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் லேனி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இரண்டாம் நிலை அணியில்தான் ஆடினார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது பள்ளியை விட்ட பிறகு. டோக்கியோ வெள்ளியும் 2024 பாரிஸ் வெண்கலமும் அதற்கும் பின். ஆனால் அவருக்குள் உயரம் தாண்டுபவர் ஒருவர் இருப்பதை முதலில் கண்டது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எனவே தகட்டில் 'பள்ளியில்', 'பின்னாளில்' என்று இரண்டு தலைப்பில் எழுதுங்கள். இரண்டில் ஒன்று வலுவாக இருந்தால் போதும்.

பயிற்சியாளருக்கு அதே அளவுத் தகடு

நாட்டின் அர்ஜுனா விருது 1961-இல் வந்தது. பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியா விருது வர 1985 ஆனது. பி.டி. உஷாவின் பயிற்சியாளர் நம்பியார் அந்த முதல் ஆண்டில் அதைப் பெற்றார். இடையில் கடந்தது 24 ஆண்டுகள். பள்ளிகள் இன்னும் பிந்தியிருக்கின்றன. காலை ஐந்தரைக்கு வந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, பகலில் ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு, போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பி.டி. சாரின் பெயர் பெரும்பாலான வெற்றிப் பலகைகளில் இருப்பதில்லை.

அவரை அளப்பதில் அமெரிக்க அளவுகோல் நமக்கு ஒத்துவராது. மேரிலாந்தின் டிமாத்தா பள்ளியில் மார்கன் வூட்டன் 46 பருவங்கள் ஒரே கூடைப்பந்து அணியை நடத்தி 1,274 ஆட்டங்களில் வென்றார். நம் அரசுப் பள்ளி ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் மூன்று ஆண்டு இங்கே, ஏழு ஆண்டு அங்கே என்று போய்க்கொண்டிருப்பார். வெற்றி எண்ணிக்கையையோ நீண்ட பணியையோ மட்டும் வைத்தால் அவர் எந்தப் பள்ளியின் சுவரிலும் வரமாட்டார். இதற்கு இரண்டு விதிகள் உதவும். மொத்தப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு இந்தப் பள்ளியில் இருந்தால் தகுதி. அவர் மாறிப்போன பிறகு இரண்டு ஆண்டுக்குள் அவர் வளர்த்த பிள்ளைகள் வென்றது அவர் கணக்கிலும் சேரும். கூடவே, அந்த ஆசிரியரிடம் பயின்ற குறைந்தது ஐந்து பேரின் எழுத்துச் சாட்சியம் கேளுங்கள், அதில் இருவர் பதக்கம் வாங்காதவர்களாக இருக்க வேண்டும். பதக்கம் வாங்காத பிள்ளையையும் மைதானத்தில் நிறுத்தி வைத்தாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சம்பளம் வாங்காமல் மாலையில் வந்து கபடியோ ஹாக்கியோ சொல்லிக்கொடுத்த ஊர்க்காரர்களையும் பயிற்சியாளர் பிரிவில் சேருங்கள். ஆனால் இப்போது இந்தப் பள்ளியில் பணியில் இருக்கும் ஆசிரியரைப் பரிசீலிக்க வேண்டாம். குழுவிலும் அவரே இருப்பார், சங்கடம்.

விட்டுப்போகிறவர்கள்

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரிகளில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த சட்டம் 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இருந்த பெண்கள் சுமார் 2,95,000 பேர். இன்று 30 லட்சத்துக்கும் மேல். பழைய புகழ்ச்சுவர்களில் ஆண் முகங்களே நிறைந்திருக்க இதுவே காரணம். அணியே இல்லாத காலத்துப் பெண்ணைப் புள்ளி வைத்து அளக்க முடியாது. நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபாலர் பள்ளியிலிருந்து பெண்கள் பள்ளி பிரிந்துபோன இடங்களில், பிரிவுக்கு முந்தைய மாணவியின் பெயர் இரண்டு பள்ளியிலும் விட்டுப்போகும். இரண்டு பள்ளிப் பதிவேடுகளையும் பார்த்தாக வேண்டும்.

குழு விளையாட்டிலும் இதே கதைதான். கபடி அணியில் களத்தில் ஏழு பேர், ஆனால் போட்டிக்குப் போனது பன்னிரண்டு பேர். தேசியம் வரை போன ஒருவருக்கு மட்டும் தகடு வைத்தால் மாநிலக் கோப்பையை வென்ற மற்ற பதினோரு பேர் மறைந்துபோவார்கள். இரட்டை அளவில் குழுத் தகடு ஒன்று, மாற்று ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் உட்பட அத்தனை பேர் பெயரோடு. ஆண்டுக்கு ஒரு குழு, தனிநபர் இடங்களைத் தொடாமல்.

நீக்கும் விதியும் முதல் நாளிலேயே வேண்டும். வயது மோசடியாலோ ஊக்கமருந்தாலோ போட்டியை நடத்திய அமைப்பே பதக்கத்தை ரத்து செய்தால், ஏழில் ஐந்து வாக்கில் தகடு இறங்கும், பதிவேட்டில் காரணம் எழுதப்படும். முன்பு சொன்ன பிராங்ஸ் அரங்கத்திலிருந்து 2017-இல் இரண்டு சிலைகள் அகற்றப்பட்டன. எதை வைத்தாலும் எடுக்க வேண்டிய நாள் வரலாம். தகடாக இருந்தால் நாலு ஸ்டட்டைக் கழற்றினால் போதும்.

பணமும் விழாவும்

திரட்டும் பணத்தில் சுவருக்குப் பாதி, வைப்புத்தொகைக்குப் பாதி. ஒரு லட்சம் வங்கியில் இருந்து 6.5 சதவீதம் வட்டி வந்தால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். அந்த ஆண்டின் தகடுகளின் விலையை முதலில் விசாரித்து, அதற்கு எவ்வளவு வைப்பு வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வாங்கிக்கொண்டு, 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாக நிதி கொடுக்க முடியுமா என்று பாருங்கள். உபயதாரர் பெயர் சுவரின் கீழ் ஓரத்தில், ஒரே வரியில், வீரர் பெயரைவிடச் சிறிய எழுத்தில்.

ஜூன், ஜூலையில் பரிந்துரை, ஆகஸ்டில் சான்று சரிபார்ப்பு, செப்டம்பரில் குழுக் கூட்டம், நவம்பரில் மாதிரி அச்சு. அந்த மாதிரியை உரியவரிடமோ குடும்பத்திடமோ காட்டிக் கையெழுத்து வாங்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. விழாவை ஆண்டு விழா இரவில் நடன நிகழ்ச்சிகளுக்கு நடுவே செருகாமல் விளையாட்டு விழாக் காலையில், அணிவகுப்பு முடிந்து முதல் ஓட்டம் தொடங்கும் முன் வையுங்கள். வெளியூரிலிருந்து வருபவருக்குப் பயணச் செலவு சங்கத்துடையது. பொன்னாடைகளை மேடையில் வரிசையாகப் போடாமல், அந்த நேரத்தை ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசக் கொடுங்கள்.

தகடுகளை முந்தைய நாளே சுவரில் பொருத்தி, ஒவ்வொன்றிலும் நாலாவது ஸ்டட்டை மட்டும் விட்டுவையுங்கள். மறுநாள் காலை பள்ளியின் இன்றைய அணித்தலைவர் அந்த ஸ்டட்டைத் தகட்டுக்குரியவர் கையில் கொடுக்க, அவரே திருகி முடுக்கட்டும். அவர் இல்லையென்றால் அவர் மனைவியோ மகளோ.